லிடியா டீச்சரின் பெரிய மனசு

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூன் ஏழாம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. அன்றைக்குக் கட்டுவதற்கென்றே லிடியா டீச்சர் அரக்கு நிறத்தில் ஒரு சுங்கடிச் சேலை எடுத்து வைத்திருந்தாள். சின்னாளபட்டிக்கே போய், சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து வாங்கியது. வெங்காயத் தரகரின் பெண்டாட்டி சொன்ன விலைக்குச் சேலை வாங்கினாள் என்றால் வெங்காயச் சந்தைப் பேட்டையில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள்.

சேலையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது பவுல்ராஜ். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு விடிந்ததும் எழுந்து, தண்ணீர் தெளித்து, மடிப்பு மடிப்பாக நீவிக்கொண்டிருந்தார்.

"பேட்டைக்குப் போகலையா? லாரி வந்திருக்குமே" என்றாள்.

"போவேன் போவேன். செத்த நேரம் கழிச்சுப் போனா வெங்காயம் என்ன ஓடியா போகப் போகுது" என்றார். இட்லி இரண்டை வைத்தபடியே வைத்திருந்தார். தட்டில் சட்னி காய்ந்துகொண்டிருந்தது.

பழைய தலைமையாசிரியை ஓய்வுபெற்றுப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் லிடியாதான் பொறுப்பு. மணி அடிக்கச் சொல்வதும், கக்கூஸுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்கு நடப்பதும், பீஸ் கட்டாத பிள்ளையின் அப்பனைக் கூப்பிட்டுப் பேசுவதும் அவள். நாற்காலிக்குப் பின்னால் இருந்த பெயர்ப் பலகையில் மட்டும் அவள் பெயர் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள் ஆறு மண்டி முதலாளிகள். தாளாளர் சூசைமாணிக்கம் அவர்களில் பெரிய கை. பள்ளிக்கூடத்தையும் அவர் மண்டி நடத்துகிற மாதிரியே நடத்தினார். சரக்கு வந்து இறங்கினாலும் விலை படிகிற நாள் வரைக்கும் சாக்கைப் பிரிக்க மாட்டார்.

சனிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமை காலை வழிபாட்டில் புதிய தலைமையாசிரியை தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நம் பள்ளியின் பொது நெறிகளைப் பற்றிப் பேசுவார் என்று இரண்டே வரி. லிடியா அதை மூன்று தடவை வாசித்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவளுக்கு மேலே சீனியர் யாரும் கிடையாது. சாக்கைப் பிரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான்கு பக்கம் எழுதினாள். மகன் சகாயராஜை எதிரில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள். அவனுக்கும் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. மற்ற இடங்களில் லட்சக்கணக்கில் கேட்கிற வேலை, இவனுக்குச் சல்லிக்காசு வாங்காமல் வந்தது. தன் உழைப்பைப் பார்த்துத்தான் தாளாளர் கொடுத்தார் என்று லிடியா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்கும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை, பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு வாடையோடு காற்று வீசிக்கொண்டிருந்தது. கொடிக்கம்பத்தைச் சுற்றி ஆயிரம் பிள்ளைகள், புதுச் சட்டையில் பின் குத்திய தடம் மாறாமல் நின்றார்கள். மேடையில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. ஒன்று தாளாளருக்கு, ஒன்று தனக்கு, மூன்றாவது பங்குச் சாமியாருக்காக இருக்கும் என்று லிடியா கணக்குப் போட்டாள். அம்பாசடர் கார் வந்து நின்றது. தாளாளர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு, சாம்பல் நிறக் கோயம்புத்தூர்க் காட்டனில், முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள்.

"வாங்க டீச்சர். எல்லாம் உங்களாலதான்" என்றார் தாளாளர், லிடியாவைப் பார்த்து.

எது தன்னால் என்று கேட்க வாய் வரவில்லை. அதற்குள் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கிவிட்டது.

வந்தவள் மைக்கைப் பிடித்தாள். பேப்பர் எதுவும் கையில் இல்லை. பேச்சில் பழனிப் பக்கத்து இழுப்பு இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பேரு அறிவுச்செல்விங்க. சொந்த ஊரு நெய்க்காரப்பட்டி. எங்கப்பா கரும்பு வெட்டுக்குப் போனவரு. பதினஞ்சு வருசமா அங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாத்தனுங்க. இன்னைக்கு உங்க எச்.எம்.மா நிக்கறேன். நான் புதுசா எதையும் கொண்டுட்டு வரலீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல ஏற்கெனவே என்ன நல்லது இருக்குதோ, அதத்தான் எல்லாருஞ் சேந்து கட்டிக் காப்பாத்தப் போறோம். நேரத்துக்கு வர்றது. சொன்ன சொல்லு மாறாம இருக்கறது. பொய் எழுதாம இருக்கறது. இந்த மூணையும் வெச்சுட்டு நாலாவது ஒண்ணு சொல்லணும். விட்டுக்கொடுக்கறது."

நிறுத்தினாள். கையை லிடியா பக்கம் நீட்டினாள்.

"அது எப்படியிருக்கும்னு தெரியணும்னா புஸ்தகத்தத் தேட வேண்டாம். லிடியா டீச்சரப் பாத்தாப் போதும். இந்த நாற்காலி நியாயமா அவங்களுதுங்க. எனக்கு வேண்டாம், இன்னும் தெம்பா இருக்கறவங்க வரட்டும்னு அவங்களே எழுதிக் கொடுத்தாங்க. அந்தக் கடுதாசியப் படிச்சன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. அந்தப் பெரிய மனசுக்கு ஒரு கைதட்டு கொடுங்க பாக்கலாம்."

ஆயிரம் பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தட்டுகிற பிள்ளைகளின் கைதட்டலுக்குச் சத்தம் அதிகம். லிடியா எழுந்து நின்றாள், கும்பிட்டாள், உட்கார்ந்தாள். உடம்பு தன்பாட்டுக்கு அதையெல்லாம் செய்தது. ஆசிரியர் வரிசையின் கடைசியில், புது பேண்ட் போட்டுக்கொண்டு சகாயராஜ் நின்றான். ஊரே தட்டும்போது அவன் மட்டும் கை தட்டாமல் நின்றதை அவள் பார்த்தாள். முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் தையல் டீச்சர் நர்கீஸ் பிடித்துக்கொண்டாள். பேகம்பூர்க்காரி. இருவரும் பதினெட்டு வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

"ஏக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. வெள்ளிக்கெழம கூட என் பிரியாணியத் தின்னுட்டுத்தானே போன. அப்பக்கூட வாயத் தொறக்கலையே நீயி."

"எனக்கே இப்பத்தான் தெரியும் நர்கீஸு."

"ஆமா, கடுதாசி எழுதினது பக்கத்து வீட்டுக்காரியாக்கும்" என்று சிரித்தவள், லிடியாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டாள். "யல்லா. நெசமாவா சொல்ற?"

லிடியா அலுவலக அறைக்குப் போனாள். எழுத்தர் மதியழகன் புதுப் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அந்த லெட்டரை ஒரு தடவ பாக்கணும் சார்."

"ஏன் டீச்சர், ஏதாச்சும் விட்டுப் போச்சா? புதன்கிழமைதான் கல்வி ஆபீசுக்குப் போகுது. திருத்தணும்னா இப்பவே திருத்திருங்க. அங்க ஒப்புதலாகி வந்துருச்சுன்னா அப்பறம் நீங்களே வந்து அழுதாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றபடி கோப்பை நீட்டினார்.

தட்டச்சு செய்த கடிதம். என் உடல்நிலை மற்றும் குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தலைமையாசிரியர் பதவி உயர்வுக்கான என் உரிமையை முழுமனதுடன் விட்டுக்கொடுக்கிறேன். கீழே நீல மையில் கையெழுத்து. அவளுடைய கையெழுத்தேதான். 'லி'யின் கொக்கி வளைந்து மேலே ஏறி, 'யா'வின் கால் இறங்கி. ஆனால் அடியில் ஒரு கோடு இழுத்திருந்தது.

லிடியா அடியில் கோடு போடுவதில்லை. போடுகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

பொறுப்பு ஏற்ற இந்த இரண்டு வருஷமாக, பரீட்சை முடிந்தால் ஆயிரம் முன்னேற்ற அட்டையிலும் தலைமையாசிரியை கையெழுத்தை அவள்தான் போட வேண்டும். பகலில் நேரம் கிடைக்காது. வெங்காயச் சாக்கில் அட்டைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கை வீங்கிப் போவதைப் பார்த்து, "கொடு, பாதிய நான் போடுறேன்" என்று பவுல்ராஜ் உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினார். மண்டிச் சீட்டு எழுதின கை, அவளைவிட வேகமாக ஓடியது. சீட்டின் அடியில் கோடு இழுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. "கோடு போடாதீங்க, கண்டுபிடிச்சிருவாங்க" என்று அவள் திட்டுவாள். "உங்க ஸ்கூலுக்கு நெசமான எச்.எம். நான்தான்டி" என்பார். இருவரும் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் பிறந்த வீடும் மண்டிதான். கல்லாச் சாவியை யாரிடமும் கொடுக்காத அப்பனுக்குப் பிறந்தவள், கையெழுத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பனும் மகனும் இருந்தார்கள். பவுல்ராஜ் அடுப்படியில் நின்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதுவும் அவர் செய்கிற வேலை கிடையாது.

"கண்ணெல்லாம் எரியுது" என்றார்.

"எரியட்டும்" என்றாள் லிடியா. கைப்பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்ப பேசுனீங்க?"

அவர் எது என்று கேட்கவில்லை. "கோடை லீவுல. மே மாசம் ரெண்டாவது வாரம். சூசைமாணிக்கம் மொதலாளி கூப்பிட்டாரு. கூடை எறங்கிக்கிட்டிருந்துச்சு. துண்ட எடுத்துக் கை மேல போட்டாரு. வெங்காயத்துக்குத்தான் வெல பேசப் போறாருன்னு நானும் வெரலக் குடுத்தேன்."

பேட்டையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் இரண்டு பேர் விரலைப் பிடித்துப் படிய வைப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் யாருக்கும் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேசியது பேசியதுதான்.

"வாயாலதான் பேசுனாரு" என்று பவுல்ராஜ் தொடர்ந்தார். "கையப் பிடிச்சுக்கிட்டே. எம் ஒண்ணுவிட்ட மச்சினன் மக ஒருத்தி இருக்கா, நல்லாப் படிச்சவ, அவள எச்.எம். ஆக்கணும், ஒம் பொண்டாட்டி எழுதிக் குடுக்கணும், ஒம் மகனுக்கு வேல தாரேன்னாரு. ஒத்தப் பைசா வேணாம்னாரு. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்? ஒனக்கு இன்னும் ஆறு வருசம். அவனுக்கு முப்பத்தஞ்சு வருசம். ஆறு பெருசா, முப்பத்தஞ்சு பெருசா?"

"சரக்குக்காரன் இல்லாம எந்த மண்டியிலங்க வெல படியுது?"

பவுல்ராஜ் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"இருபத்தஞ்சு வருசம் தரகு பாத்தவரு நீங்க. எவனோட வெங்காயத்தையாச்சும் அவனக் கேக்காம முடிச்சிருக்கீங்களா? வெள்ளாமை பண்ற ஒரு சம்சாரி பத்துக் கிலோ கொண்டாந்தாக்கூட, என்னப்பா இந்த வெலைக்கு விட்டுரலாமான்னு கேக்குறீங்கல்ல. எங்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்கிட மாட்ட."

"ஒத்துக்கிட்டிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "எம் புள்ளைக்குன்னு கேட்டிருந்தா அழுதுக்கிட்டாச்சும் எழுதிக் குடுத்திருப்பேன். நானே எழுதியிருப்பேன்."

பவுல்ராஜின் முகம் சட்டென்று தெளிந்தது. பேரத்தில் எதிராளி இறங்கி வருகிற இடத்தைப் பார்த்துப் பழகிய முகம். "அப்பறமென்ன புள்ள. குடுத்ததா நெனச்சுக்க. நீ எழுதியிருந்தாலும் அதே லெட்டர்தானே."

இந்த மனுஷனுக்கு இது நிஜமாகவே விளங்கவில்லை என்பதுதான் அவளுக்கு அந்த நாளிலேயே பெரிய அடியாக இருந்தது.

"சேலைய எதுக்கு இஸ்திரி போட்டீங்க?"

"சொல்லத்தான் காலையிலயே எந்திரிச்சேன். வாய் வரல. நீ பாட்டுக்குப் பேச்சை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்த. அங்க போனா மொதலாளியே பக்குவமாச் சொல்லிருவாருன்னு..."

"அவரு, நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சிருக்காரு. ஆக மொத்தம் மைக்குல சொன்னாங்க." மகன் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு எப்படா தெரியும்?"

சகாயராஜ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். "நேத்து மத்தியானம். அப்பா சொன்னாரு."

"மத்தியானம் தெரியும். சாயங்காலம் நாலு பக்கம் வாசிச்சுக் காட்டினேன். நல்லாருக்குன்ன."

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

"புதன்கிழமைக்குள்ள, விட்டுக்கொடுத்தது வாபஸ்னு நான் எழுதிக் குடுத்தா லெட்டர் செல்லாது. தெரியுமா?" என்றாள்.

வெங்காயம் பவுல்ராஜின் கையிலிருந்து உருண்டது. "ஏ புள்ள, விளையாடாத. அந்த லெட்டர் போச்சுன்னா இவன் ஆர்டரும் போச்சு. ரெண்டையும் ஒரே துண்டுக்குள்ள பேசியிருக்கு. பேட்டையில நான் தலை காட்ட முடியாது. தரகன் வாக்கு மாறிட்டான்னா அப்பறம் எவன் கை குடுப்பான்?"

"ஒங்க வாக்கு. என் கையெழுத்து" என்று சொல்லிவிட்டுச் சேலையை மாற்றப் போனாள்.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. அப்பனும் மகனும் உரித்த வெங்காயத்தை, மிஞ்சியிருந்த ரசச் சோற்றுக்குக் கடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் முதல் மணிக்கு முன்னால் தலைமையாசிரியை அறைக்குள் போனாள். அறிவுச்செல்வி எழுந்து நின்று வரவேற்றாள். பெயர்ப் பலகையில் புது வெள்ளைப் பெயிண்ட் வாடை போகவில்லை.

"வாங்க டீச்சர், உக்காருங்க. உங்களத்தான் கூப்புடலாம்னு இருந்தனுங்க. நம்ம பொது நெறி நாலையும் சுவத்துல எழுதிப் போட்டரலாமுங்களா? நாலாவதுக்குக் கீழ உங்க பேரையும் போடலாம்னு..."

"மேடம், அந்த லெட்டர்ல இருக்குறது என் கையெழுத்து இல்ல."

அறிவுச்செல்வியின் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி மேசையில் மெதுவாக இறங்கியது. நடந்ததை லிடியா நாலு வாக்கியத்தில் சொன்னாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அவளுக்கு எதுவும் தெரியாது, அது பார்த்தாலே விளங்கியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நேற்று மைக்கில் பேசிய அதே இதமான குரலில்தான் கேட்டாள்.

"வேற யாருக்காச்சும் தெரியுங்களா?"

லிடியா எதை எதிர்பார்த்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இதை அல்ல.

"ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

"அப்படியே இருக்கட்டுங்க. தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அங்க வேலைய விட்டுப்போட்டு, வீட்டக் காலி பண்ணி, ரெண்டு குழந்தைங்கள இழுத்துட்டு வந்துட்டனுங்க. நேத்து அத்தன புள்ளைங்க முன்னால பேசியாச்சு. இன்னைக்குப் போயி இல்லீனு சொன்னா உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். உங்க பையனையும் நினைச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் பெரிய மனசு இருக்குதே."

வெளியே இரண்டாவது மணி அடித்தது. லிடியா கைப்பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து மேசை மேல் வைத்தாள். இரண்டிலும் ஒரே வாசகம், அவள் கைப்பட.

"மனசு மாறிருச்சு, விட்டுக்கொடுத்தத வாபஸ் வாங்குறேன்னு மட்டும் எழுதியிருக்கேன். யாரு எழுதினது, யாரு கையெழுத்துன்னு ஒரு வார்த்த இல்ல. என் வீட்டுக்காரரு ஜெயிலுக்குப் போறது எனக்கும் வேணாம். ஒண்ணக் கோப்புல சேருங்க. இன்னொண்ணுல பெற்றுக்கொண்டேன்னு போட்டுத் தேதியோட குடுங்க."

"நான் வாங்கிக்கலீனா?"

"அப்ப கையெழுத்தப் பத்தியும் எழுத வேண்டி வரும். நேரா கல்வி ஆபீசுக்கு."

அறிவுச்செல்வி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்ற நேரம் பிடித்தது. "மாமா சும்மா விட மாட்டாருங்க. உங்களையும் எச்.எம். ஆக்க மாட்டாரு. ரிட்டையர் ஆகற வரைக்கும் பொறுப்புலயே வெச்சு இழுத்தடிப்பாரு."

"தெரியும்மா. மண்டிக்காரர எனக்குத் தெரியாதா?"

கையெழுத்து போட்ட தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நர்கீஸ் தையல் அறை வாசலில் நின்று கையால் என்னவென்று கேட்டாள். அப்புறம் என்று லிடியா தலையாட்டினாள். அவள் பாடம் நடத்த வேண்டிய எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. படிக்குப் போகிற வழியில் ஒன்பதாம் வகுப்பு.

உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கணக்குப் பீரியடில் அப்படி ஒரு சிரிப்பை அவள் அந்தக் கட்டடத்தில் கேட்டதே இல்லை.

"ஏலே, அஞ்சு ரூவாய்க்கு வாங்கி நாலு ரூவாய்க்கு வித்தா அவன் யாவாரியா?" என்று சகாயராஜின் குரல்.

"மாமனார் வீட்டுக்குக் குடுத்திருப்பான் சார்" என்றது ஒரு பையன் குரல். வகுப்பே மறுபடியும் சிரித்தது.

"சரி, மாமனாருக்கு எத்தன சதவீதம் நட்டத்துல குடுத்தான்னு சொல்லு பாப்போம்."

லிடியா வாசலில் நின்றுவிட்டாள். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற முனியப்பன்கூட எழுந்து நின்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் நல்ல வாத்தியார் என்று அவள் ஏழெட்டுப் பேரைத்தான் பார்த்திருக்கிறாள். அவன் அவர்களில் ஒருவனாக வருவான். வாசலில் நின்ற அந்த ஒரு நிமிஷத்திலேயே அது தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். சகாயராஜ் திரும்பினான். அவள் நிற்பதைப் பார்த்து ஒரு கணம் மிரண்டான். பிறகு, அம்மா கோபம் தணிந்து தன் வகுப்பைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டவனைப் போல, முகம் முழுக்கச் சிரித்தான். நேற்றிலிருந்து அவன் சிரிக்கவே இல்லை.

"சரியா நடத்துறேனாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

லிடியா கரும்பலகையைப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தான்.

"நடத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.